காலையிலேயே எழுதப்பட்ட அழுகை

ஜூரி முறை இருந்த ஐம்பதுகளில் நான் எழுதிய நாட்குறிப்பில், ஒரு புதன்கிழமைக்குக் கீழே "அவள் அழவில்லை" என்று இருக்கிறது. கணவனுக்கு விஷம் வைத்ததாகச் சேலம் கோர்ட்டில் நின்ற ராசிபுரத்துப் பெண் அவள். நான் நாள் முழுவதும் அங்கே பார்வையாளர் வரிசையில் இருந்தேன். மறுநாள் பத்திரிகையோ, குற்றவுணர்வால் கூண்டில் கதறினாள் என்றது.

எழுதிய நிருபர் ஒல்லியானவர், காதில் பென்சில். பத்திரிகை ஆபீசுக்குப் போகும் செய்தியைச் சூரமங்கலம் ஸ்டேஷனில் ரயிலேற்ற வேண்டுமென்று, கோர்ட்டில் மாலை நடக்கப்போவதையும் காலையிலேயே எழுதிவிடுவார்.

"ஏனுங்க, அந்தப் பொண்ணு அழவே இல்லீங்களே?" என்று அவரிடம் கேட்டேன்.

"அவ சாயங்காலம் அழுதா ரயிலு போயிருமுங்க, சாமி. அதான் காலையிலயே அழ வெச்சுட்டேன்."

சிரித்தார். எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜூரிகள் குற்றவாளி என்றார்கள், ஆயுள் தண்டனை. ஒரு ஜூரியின் கையில் அந்தப் பத்திரிகை இருந்ததைக் கண்டேன். முடிவுக்கு முன் அதை அவர் படித்தாரா என்பதை உறுதிசெய்ய முடியவில்லை.