பிரேக் பிடித்த இடங்கள்

கட்டாரில் வேலை செய்யும் என் கணவர் அங்கிருந்தபடியே வாங்கித் தந்த கார் அது. மகனுக்கு முட்டு வந்து மூச்சு இழுக்கத் தொடங்கினால் குருக்கள்மடத்திலிருந்து மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ தேடி நிற்க முடியாது. அதனால் கார், ஓட்டுவது நான். காப்புறுதி முகவர் வந்து ஸ்டியரிங்கின் கீழே ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினார். வேகம், திருப்பம், பிரேக் எல்லாவற்றையும் அது பதியுமாம். நிதானமாக ஓட்டினால் அடுத்த வருடக் கட்டணத்தில் கழிவு கிடைக்கும் என்றார். பள்ளிக்கூடத்தில்கூட ஏச்சு வாங்காதவள் நான். கழிவு நிச்சயம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் மாத அறிக்கை கணவரின் போனுக்குப் போனது. வெள்ளிக்கிழமை அழைத்தார்.

“என்ன புள்ள, ரோட்டில மாடு கூடிப்போச்சா?”

“இல்லையே. ஏன்?”

“சடார் சடார் எண்டு பிரேக் பிடிச்சிருக்கிறாய். சிவப்புச் சிவப்பா நிக்குது. ஒவ்வொரு முறையும் அதே இடங்கள்தான். மாடு உனக்காகவே காத்துக்கொண்டு நிக்குதோ?”

சிரித்தார். பிறகு குரல் மாறியது. “கழிவு போனாப் போகட்டும். பின்னால புள்ளைய வச்சுக்கொண்டு இப்பிடி ஓட்டினா எப்பிடி? அடுத்த மாசமும் இப்பிடித்தான் எண்டா காரை வித்துப்போடுவம்.”

காரை விற்றால் மகனை ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுபோவது? ஆனால் பெட்டி சொல்வது சரியென்றால் அவனுக்கு ஆபத்து முட்டா, நானா?

அவர் அனுப்பிய வரைபடத்தில் வேகம் கூடிய ஓர் இடமும் இருந்தது. ஒழுங்கைகளின் முடிவில் கடல் தெரியும் துண்டு அது. அதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. சுனாமியன்று, பள்ளி மாணவியாக, அந்த ஒழுங்கைகளில் ஒன்றால்தான் வாவிப் பக்கம் ஓடினேன். சிவப்பு இடங்கள்தான் புரியவில்லை.

திங்கட்கிழமை மகனைப் பாலர் பாடசாலையில் விட்டுவிட்டுத் தனியே ஓட்டிப் பார்த்தேன். முதலாவது இடத்தில் ஓர் இளநீர்க் கடை. இரண்டாவதில் வெறும் மணலும் ஒரு வாகை மரமும். மரத்தைக் கண்டதும் தெரிந்துவிட்டது. ராணுவத்தின் சென்றி, அந்தச் சோதனைச் சாவடி, நின்ற இடம். அந்த நிழலில்தான் எங்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் நிறுத்துவார்கள். இளநீர்க் கடை இருப்பதும் இன்னொரு சென்றியின் நிலத்தில். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் ஓட்டப் பழகியவள் நான். நிற்காமல் போனால் சுடுவார்கள் என்பதைக் கியர் மாற்றுவதற்கு முன்பே படித்திருந்தேன். இப்போது சென்றிகள் இல்லை. ஆனாலும் அந்த இடத்தில், கவனிக்காமல் வந்துவிட்டோமே என்று நெஞ்சு திடுக்கிட, கால் போய்ப் பிரேக்கை மிதிக்கிறது.

முகவரை அழைத்தேன். “அண்ணன், அந்த இடங்கள்ள முந்திச் சென்றி இருந்தது. அதைக் கொம்பனிக்கு எழுதிக் குடுக்கலாமா?”

“தங்கச்சி, கொம்பனி கொழும்பில இருக்கு. அவங்களுக்கு அது சும்மா ரோடு.” சிரிப்பது கேட்டது. “இதையெல்லாம் எழுதப் போனா மட்டக்களப்பில ஒருத்தருக்கும் கழிவு கிடையாது. மோட்டச்சைக்கிள்ள அந்தச் சென்றி இருந்த இடத்தால போகக்குள்ள என்ட கையும் ஹெல்மெட்டக் கழட்டத்தான் போகுது.”

அதே மாதம் ஒரு காலையில் மகனுக்கு முட்டு வந்தது. பின் இருக்கையில் அவனை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். இன்று பிரேக் பிடித்தால் கார் போய்விடும் என்று சொல்லிச் சொல்லி ஓட்டினேன். வாகை மரம் வருமுன் கண்ணாடியில் அவனைப் பார்த்தேன். மூச்சு விசிலடிக்க, இரண்டு கைகளையும் நீட்டி முன் இருக்கையை இறுக்கிப் பிடித்திருந்தான். யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவன் அவன்.

நான் பிரேக் பிடிக்கவில்லை. மரம் கடந்து போனது. அவன் திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லக் கைகளை எடுத்தான்.

அவனுக்கு மூச்சுச் சீரான பிறகு ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அந்த மரம் எனக்கும் தெரியும்,” என்றார். “பெட்டியக் கழட்டச் சொல்லு. காரை விக்க வேணாம்.”

“பெட்டி இருக்கட்டுங்க,” என்றேன். என் கால் எப்போது அடங்குகிறது என்று எனக்குச் சொல்ல வேறு எவரும் இல்லை.

இப்போது சிவப்பு குறைந்திருக்கிறது. கழிவு கிடைக்கலாம் என்கிறார் முகவர். மகன் மட்டும் மரம் வருமுன் இன்னும் இருக்கையைப் பிடிக்கிறான். இனிப் பிடிக்கத் தேவையில்லை மகன் என்று சொல்ல வாயெடுப்பேன். அவன் என்னை நம்பிக் கையை எடுக்கும் நாளில் என் கால் மறுபடி போய்விட்டால்? சொல்லாமலே ஓட்டுகிறேன்.