பின்கதவைத் திறந்தால் பிள்ளைக் கூடம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்று கூடியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரை அறியும்பொருட்டு, தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் கடத்தூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தோம். அம்மா மானாவாரிக் காட்டில் கேழ்வரகு விதைத்து எங்களை வளர்த்தார். அண்ணன் சென்னை சென்று ஓவர்சியர் படிப்பை முடித்து, அரூர்ப் பக்கம் சாலை வேலையில் சேர்ந்தார். நான் கணவரை இழந்து கைக்குழந்தையோடு வந்தபோது, முகம் கோணாமல் ஏற்றுக்கொண்டார்.

சாலைக்குக் கல் உடைக்கும் பெண்கள் மரங்களில் தூளி கட்டிப் பிள்ளைகளைப் போட்டிருப்பார்கள். ஒருநாள் பாறைக்கு வைத்த வெடியில் தெறித்த சில்லு ஒரு குழந்தையின் நெற்றியைக் கிழித்தது. அதை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடியவர் அண்ணன். குழந்தை பிழைத்துக்கொண்டது. அவருக்குத்தான் பல நாள் சோறு இறங்கவில்லை.

அச்சமயம் அந்தத் தொழிலாளர்களுக்கு வீடு கட்ட உத்தரவு வந்தது. கூடவே பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு கூடம் வேண்டும் என்றார் அண்ணன். வீட்டுக்கு மட்டுமே பணம் என்று மேலதிகாரி மறுத்தார். அண்ணன் வரைபடத்தை மாற்றினார். இரண்டு வரிசை வீடுகளின் பின்புறங்களை, நடுவே கூடத்துக்கு இடம் விட்டு, எதிரெதிரே வைத்தார். அந்தப் பின்சுவர்களே கூடத்துக்கும் சுவர்களாயின. புதிதாக வேண்டியது கூரைதான். அதையும் வீட்டுக் கூரைகளுக்கு மேலே உயர்த்தி, இடைவெளியில் காற்றும் வெளிச்சமும் வரச் செய்தார். ஒவ்வொரு வீட்டின் பின்கதவும் கூடத்தில் திறந்தது. மேலதிகாரியும் மகிழ்ந்து ஒப்புதல் தந்தார்.

கட்டி முடிந்தது. பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச ஒரு பொதுப் பானையும் வைத்தார். ஆனால் ஒரு தாயும் பிள்ளையை அங்கே விடவில்லை. அண்ணன் காரணம் கேட்டபோது, பொன்னம்மாள் என்ற பெண் உள்ளதைச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க. எல்லார் வூட்டுப் புள்ளையும் ஒரே பானைக் கஞ்சி குடிச்சா, எங்க சாதிசனம் நாளைக்கு எங்களைச் சேத்துக்குமாங்க?"

அன்று அண்ணன் என்னிடம், "பாப்பா, உன் பையனோட நீ அங்க வந்து உக்காரணும்" என்றார். நம் பங்காளிகள் ஒதுக்கிவிடுவார்களே என்று தயங்கினேன். "ஒதுக்கட்டும். அதுக்குப் பயந்தா இந்தக் கட்டடமே வேண்டியதில்ல" என்றார்.

மறுநாள் காலை அந்தப் பானையிலிருந்து என் மகனுக்குக் கஞ்சி ஊற்றி, நானும் குடித்தேன். பின்கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பொன்னம்மாள், தம் மகளைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் உட்கார வைத்தார். அறுவடைக்குள் கூடத்தில் பாய் விரிக்க இடமில்லை. மரத்துத் தூளிகள் எல்லாம் இறங்கிவிட்டன. ஒதுக்கிய பங்காளிகள் சிலரே வந்து, தங்கள் ஊருக்கும் இப்படி ஒன்று வரைந்து தரச் சொன்னார்கள்.

காமாலையில் படுத்திருந்தபோதும் அண்ணன் காரிமங்கலத்துக் குடியிருப்புக்குத்தான் படம் வரைந்தார். அதை முடித்துக் கொடுத்த பிறகே கண் மூடினார்.

முறைவைத்து மருந்து அரைத்துத் தந்த குடியிருப்புப் பெண்களுக்கும், கூலி வாங்க மறுத்துப் பாடை கட்டிய கொத்தனார்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காரிமங்கலத்தில் கூரை போட்டாகிவிட்டது. வரும் தை மாதம் முதல் அங்கும் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றப்போகிறோம்.