எஃபுவாவுக்குக் கடைசி இடம்

எஃபுவா அன்சா நகர மன்ற உறுப்பினராகப் பதவியேற்ற படம் வாட்ஸப்பில் வந்தது. வான்மதி அதற்கு ஒரு இதயக் குறி போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? ஜெர்சி சிட்டியில் இருவருக்கும் ஒரே அடுக்குமாடிக் கட்டடம். எஃபுவா கானாவின் துறைமுக ஊரான தக்கோராடியில் மீன் விற்றவரின் மகள்; கிரீன் கார்டு லாட்டரியில் பெயர் விழுந்து வந்து, முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருந்தவள். வான்மதி கோபிசெட்டிபாளையத்துக்காரி, ஒரு வங்கிக்கு ஒப்பந்தத்தில் சாஃப்ட்வேர் எழுதுகிறாள். ஒரு ஜனவரியில் ஹீட்டர் நின்றுபோய், கட்டட உரிமையாளர் காதிலேயே போட்டுக்கொள்ளாதபோது, கதவு கதவாகத் தட்டி ஆட்களைத் திரட்டியது வான்மதி. கம்பளியைப் போர்த்திக்கொண்டே சிட்டி ஹாலுக்குப் போகலாம் என்றதும் அவள்தான். அங்கே பேசியது எஃபுவா. ஹீட்டர் ஓடியது, டிவியில் எஃபுவா வந்தாள்.

அடுத்த தேர்தலில் நின்றாள், ஜெயித்தாள். அவள் குடியுரிமை வாங்கிப் பல வருடமாகியிருந்தது. அவளுக்கு முன்பே அமெரிக்கா வந்த வான்மதி இன்னும் கிரீன் கார்டுக்குக் காத்திருந்தாள்.

"அவளுக்கு லாட்டரி, எனக்கு க்யூ. நானில்ல நின்னிருக்கணும்?"

"நீ நின்னாலும் என்னால ஓட்டுப் போட முடியாது. நானும் அதே க்யூதான், விடு" என்றான் கணவன் செழியன்.

சில வருடம் போய், இப்போது எஃபுவா மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டி. கட்சி வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முடிவு செய்யும் முதல்கட்டத் தேர்தல் ஜூனில். தமிழ்ச் சங்கத்துச் சித்திரை விழாவில் ஐந்து நிமிடம் பேச வேண்டுமென்று கேட்டாள். சங்கச் செயலாளர் வான்மதி.

"கண்டிப்பா" என்றாள் வான்மதி.

விருந்தாளி குத்துவிளக்கு ஏற்றிவிட்டு முதலில் பேசுவதுதான் வழக்கம். வான்மதி விளக்கேற்றுவதை ஒரு பல் டாக்டருக்குக் கொடுத்தாள். எஃபுவாவின் பேச்சைக் குழந்தைகளின் கடைசி நடனத்துக்கும் பின்னால் தள்ளினாள். அவளுக்குப் பொன்னாடை போர்த்திய கையோடு, "சாப்பாடு ரெடி" என்று மைக்கில் சொன்னாள். தமிழ்ச் சங்கம் நடத்திய யாருக்கும் தெரியும், அதற்கப்புறம் மேடையில் யார் நின்றாலும் ஒன்றுதான். அரங்கம் காலி.

எஃபுவா வெற்று நாற்காலிகளைப் பார்த்தாள். வான்மதி அவள் முகத்தைப் பார்த்தாள். அது வாடவில்லை.

எஃபுவா இறங்கினாள். பொன்னாடையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, செழியன் கையிலிருந்த கரண்டியை வாங்கி சாம்பார் சாதம் பரிமாற ஆரம்பித்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் பெயர் கேட்டாள், வாடகை கேட்டாள். வரிசை நகரவேயில்லை, யாரும் முணுமுணுக்கவும் இல்லை.

மகன் மூலம் அமெரிக்கா வந்து, குடியுரிமையும் வாங்கிவிட்ட தனபாக்கியம் ஆன்ட்டியின் முறை வந்தது.

"அடியில காஞ்சதைப் போடாதே அம்மிணி. மேல நெய் மெதக்குதுல்ல, அதைப் போடு. வான்மதி, சொல்லு சாமி அவகிட்ட."

வான்மதி சொன்னாள். பல் இல்லாதவர்களுக்கு எது இறங்கும் என்று முதியோர் இல்லத்திலேயே படித்துவிட்டேன் என்று எஃபுவா இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தாள். அதையும் வான்மதிதான் சொல்ல வேண்டியிருந்தது.

"பல்லைப் பத்தியா பேசறா? இவளுக்குத்தான் என் ஓட்டு! எங்கூட்டு ஆளுக நாலு பேரும் போடுவாங்கன்னு சொல்லு."

வான்மதி சொன்னாள். நாக்கு கசந்தது.

எஃபுவா கரண்டியை வைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்தாள். "எங்கள் கட்டடத்துப் போராட்டத்தை ஆரம்பித்ததே இவள்தான்" என்றாள் வரிசையைப் பார்த்து, இங்கிலீஷிலேயே. "இன்றைக்கு என்னைக் கடைசியில் வைத்ததும் இவள் மூளை. மேடையில் பேசியிருந்தால் நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தன் ஜனங்களை இவளுக்குத்தான் தெரியும்."

குத்தல் ஏதும் இருக்கிறதா என்று வான்மதி அந்த முகத்தில் தேடினாள். இல்லை. இத்தனை வருடம் ஏங்கிய பெயர், ஊர் கேட்க, இந்த நேரம் பார்த்தா வர வேண்டும்?

"என்ன சொல்றா?" என்றார் தனபாக்கியம் ஆன்ட்டி. "உன்னைப் பத்தி என்னமோ சொல்றாளே?"

"சாம்பார் சாதம் நல்லாருக்குங்கறா, ஆன்ட்டி. நீங்க நகருங்க, பின்னாடி ஆள் நிக்கறாங்க."