திரும்பி வந்த பிழைகள்

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. மொத்தமே பதினான்கு பேர். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இருக்கும் பட்டறைகளுக்குச் சரக்கு இருப்பையும் அன்றாட வேலையையும் கவனித்துக்கொள்ளும் மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். நான் பாதி நாள் நிரல் எழுதுவேன், மீதிப் பாதி பைக்கில் போகும். எந்தப் பட்டறையிலிருந்து ஃபோன் வந்தாலும் பல்லாவரம் போய்த் திருநீர்மலையைத் தாண்டி அங்கே போய் நிற்பேன். அவர்கள் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து, கொடுத்த டீ ஆறுவதற்குள் கோளாறைச் சரி செய்துவிடுவேன். அந்த வேகத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அலுவலகத்தில் அளப்பதற்குப் பஞ்சமில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு படிவம். எத்தனை வரி எழுதினோம், எத்தனை மணி நேரம் ஆனது, எத்தனை பிழை கண்டோம் என்று ஏகப்பட்ட கட்டங்கள். குத்துமதிப்பாக நிரப்பிக் கொடுப்போம். அதை யாராவது படித்ததாக எனக்கு நினைவில்லை.

ஒரு நாள் குழாய் வெட்டும் பட்டறைக்காரர் கூப்பிட்டார். அவரை எல்லாரும் பாய் என்றுதான் அழைப்போம். நான் போனதும் ஒரு துண்டுக் குழாயை மேசைமேல் வைத்தார்.

"இன்னா சார், போன மாசம் நீங்கதானே வந்து சரி பண்ணிட்டுப் போனீங்க? மறுபடி அதே பேஜாரு. ரெண்டரை மீட்டர்னு அடிச்சா சீட்டுல ரெண்டுன்னு வருது. சீட்டப் பாத்து ஆளுங்க வெட்டிட்டாங்க. இப்ப இத்த இன்னா, ஒட்டவா முடியும்?"

அவர் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து மறுபடியும் சரி செய்துவிட்டுத் திரும்பினேன். மறுநாள் கூட்டத்தில் மேலாளர் காரணம் கேட்டபோது, அந்தப் பகுதியை எழுதிய சக ஊழியரைக் காட்டி, "இவங்க எழுதின எடத்துலதான் சார் எப்பவும் வருது" என்றேன்.

செம்பாக்கத்திலிருந்து வரும் பெண் அவர். என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டார். அன்று எழுந்து பலகைக்குப் போனார்.

"சார், இவ்வளவு அளக்கறோம். எதுக்குன்னு முடிவு பண்ணிட்டு அளக்கலாமா? மொதல்ல இலக்கு. அப்பறம் அதுக்கான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற எண் மட்டும் போதும்."

'ஒருமுறை சரி செய்த பிழை திரும்பி வரக் கூடாது' என்று எழுதினார். அதன் கீழே, 'எவை திரும்பி வருகின்றன? யார் சரி செய்தது?' சற்று யோசித்து, 'யார்' என்பதை அழித்துவிட்டு 'எங்கே' என்று மாற்றினார்.

"யாருன்னு கேட்டா எல்லாரும் மறைப்போம்" என்றார்.

மேலாளருக்கு அது பிடித்துப்போனது. வெள்ளிக்கிழமைப் படிவம் அன்றோடு நின்றது. அதற்குப் பதிலாக, சரி செய்யும் ஒவ்வொரு பிழைக்கும் ஓர் அட்டை. என்ன பிழை, எங்கே சரி செய்தோம், திரும்பி வந்ததா, அவ்வளவுதான். சுவரில் குத்தி வைத்தோம். இரண்டே வாரத்தில், காலையில் வந்ததும் எல்லாரும் பையைக்கூட இறக்காமல் சுவரைத்தான் பார்த்தோம். கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது போல இருந்தது.

அடுத்த மாதம் புதிய பதிப்பைப் பட்டறைகளுக்குக் கொடுத்தோம். ஃபோன்கள் வரத் தொடங்கின. திரும்பி வந்த பிழைகளின் அட்டைகளை எடுத்து, நானும் அந்தச் செம்பாக்கத்துப் பெண்ணும் மதியச் சாப்பாட்டை மறந்து தரையில் பரப்பிப் பிரித்தோம். அலுவலகத்தில் சரி செய்தவற்றில் ஒன்றுதான் திரும்பியிருந்தது. மற்ற அத்தனையும் வாடிக்கையாளரிடத்தில் சரி செய்தவை. எல்லாம் என் கையெழுத்து.

அப்போதுதான் புரிந்தது. நான் பட்டறைக் கம்ப்யூட்டரில் செய்த திருத்தத்தை அலுவலகப் பிரதியில் ஒருநாளும் சேர்த்ததில்லை. அலுவலகப் பிரதியில் பழைய பிழை அப்படியே இருந்தது. அதிலிருந்து எடுத்த புதிய பதிப்பு போனதும் என் திருத்தத்தை அழித்துவிட்டு, பிழையைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தது.

காது சூடாகிவிட்டது. ஆனால் உண்மையைச் சொன்னால், வெட்கத்தைவிட என்னை ஆட்கொண்டது ஒரு குதூகலம். இத்தனை மாதம் எங்களை அலைக்கழித்த ஒன்று, இதோ தரையில், இரண்டு அடுக்காகக் கிடக்கிறது.

"நான்தான்" என்றேன்.

"எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனா நிச்சயமாத் தெரியாது."

"உங்களக் காட்டினேனே நான்."

"ஆமா. எல்லார் முன்னாடியும்" என்றார். குரலில் கோபமில்லை, விட்டுக்கொடுப்பும் இல்லை.

மறுநாள் எல்லார் முன்னாடியும் நானே எழுந்து சொன்னேன். அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். மேலாளர் என்னைத் திட்டவில்லை. "ஒன்னோட வேகத்த நானும்தான்யா மெச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார். அன்றிலிருந்து, வெளியே செய்த திருத்தம் அலுவலகப் பிரதியில் சேராமல் எந்த அட்டையும் முடிந்ததாகாது என்று வைத்துக்கொண்டோம். டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை அரை நாள் பிடித்தது. ஆரம்பத்தில் கை பரபரத்தது, பிறகு பழகிவிட்டது.

அதற்கடுத்த பதிப்பைக் கொடுத்த வாரம் நாங்கள் பதினான்கு பேரும் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தோம். திங்கள், செவ்வாய், ஒன்றுமில்லை. புதன்கிழமை பாய் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், பிரிண்டுல எங்க கடை பேரு தலைகீழா வருது."

"ரெண்டரை மீட்டர், பாய்?"

"அதெல்லாம் கரீட்டா கீது. இது புச்சு."

அறையே கைதட்டியது. எதற்கென்று தெரியாமல் மறுமுனையில் பாயும் சிரித்தார். புதிய பிழை ஒன்றுக்காக ஓர் அலுவலகம் அவ்வளவு மகிழ்ந்து நான் பார்த்ததில்லை. செம்பாக்கத்துப் பெண் அதற்குள் பலகையைத் துடைத்து, அடுத்த இலக்கு என்னவென்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம்.