விலக்கு கொடுத்த பாடம்

ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் நானும் அந்தத் தமிழாசிரியையும் ஒரே சீட்டில்தான் உட்காருவோம். அவர் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நான் கணக்கு டீச்சர்.

ஒரு நாள் காலை மடியில் விடைத்தாள்களை வைத்துத் திருத்திக்கொண்டே, "ஒரு சதுரம் ஒழுங்கா வரையத் தெரியல இதுங்களுக்கு" என்று அலுத்துக்கொண்டேன்.

"சதுரத்துக்கு இலக்கணம் என்னங்க டீச்சர்?" என்று கேட்டார் அவர்.

விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை. படித்த காலத்தில் வடிவியலிலிருந்து அவருக்கு விலக்கு கொடுத்துவிட்டார்களாம். "படம் போடுற பாடம் வந்தா, நீ சும்மா உக்காருன்னுடுவாங்க. நல்லதுக்குத்தான் சொன்னாங்க. எல்லாரும் ஸ்கேலும் காம்பஸுமா சத்தம் பண்ணுறப்ப நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்."

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. "நாலு பக்கமும் சமமா இருந்தா சதுரம்ங்க, அவ்வளவுதான்" என்றேன்.

அன்று மாலையே துடைப்பக் குச்சிகளை ஒரே அளவில் நறுக்கி, முனைகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் சதுரமாக இணைத்தேன். மறுநாள் பஸ்ஸில் அதைக் கையில் கொடுத்தபோது, இறங்கும்வரை தடவிக்கொண்டே வந்தார்.

மதியம் ஆசிரியர் அறையில் அதைப் பையிலிருந்து எடுத்து, "இதானே சதுரம்?" என்று எல்லோருக்கும் காட்டினார். பைக்குள் நசுங்கி, குச்சிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆசிரியர் ஒருவர் சிரித்துவிட்டார். "அது சாய்சதுரம்ங்க டீச்சர்."

அவர் முகம் வாடியது. "நாலும் சமமாத்தானே இருக்கு? நான் அளந்து பாத்தேனே."

சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டேன். "தப்பு உங்க மேல இல்லைங்க. நான் சொன்ன இலக்கணந்தான் குறை. நாலு மூலையும் சமமா இருக்கணும். அதைச் சொல்லாம விட்டுட்டேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். இத்தனை வருஷமும் வகுப்பில் அவசரத்துக்கு அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன். பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து மிச்சத்தைப் புரிந்துகொண்டார்கள். இவருக்கு என் சொல் மட்டும்தான் இருந்தது.

"எதிரெதிர் மூலைக்கு நூல் பிடிச்சுப் பாருங்க. பக்கம் நாலும் சமமா இருக்கிறதால, குறுக்கே ரெண்டு நூலும் ஒரே நீளம் வந்தா சதுரம்" என்றேன். அவர் நூலைப் பிடித்து, குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார். "இப்ப நிமிந்துடுச்சு!" என்றார். முதலில் சிரித்தவர்தான் எழுந்து வந்து அந்தக் குச்சிகளை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளில் ஒழுங்குப் பலகோணங்களை வெட்டினேன். முக்கோணம் ஆறு, சதுரம் நாலு, அறுங்கோணம் மூன்று என்று ஆசிரியர் அறை மேசைமேல் அவர் ஒரு புள்ளியைச் சுற்றி இடைவெளியில்லாமல் அடுக்கினார். ஐங்கோணம் மூன்றை வைத்ததும் அவர் விரல் நின்றது.

"இங்க சந்து வுழுதுங்க."

"இன்னொண்ணு வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. "பத்தாமலும் இருக்கு, கொள்ளாமலும் இருக்கு" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

மறுவாரம் எழுகோணம் ஒன்று வெட்டி பஸ்ஸில் கொடுத்தேன். இரண்டு நிறுத்தம் போவதற்குள் திருப்பித் தந்துவிட்டார்.

"ஒரு பக்கம் குட்டையா இருக்குங்க டீச்சர். வேற வெட்டிட்டு வாங்க."

ஸ்கேல் வைத்து அளந்தேன். குட்டையாகத்தான் இருந்தது.