பந்தல்குடி வரை போய்விட்ட சிறப்பு விருந்தினர்

எங்கள் அருப்புக்கோட்டைக் கல்லூரிக் கருத்தரங்குக்கு வரும் விருந்தினர்களை அழைத்து வருவது என் பொறுப்பு. இன்று பத்து மணிக்குத் தொடக்க உரை ஆற்ற வேண்டிய பேராசிரியர் ஒன்பதாகியும் வரவில்லை.

மதுரையில் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறித் தூங்கிவிட்டாராம். பஸ் அருப்புக்கோட்டைக்குள் வராமல் பைபாஸிலேயே போய்விட்டது. கண்டக்டர் எழுப்பியபோது பந்தல்குடி.

அவர் அனுப்பிய செய்தியைப் பார்த்ததும் பதறி அழைத்தேன். அவர் போனை ஒரு பெண் எடுத்தார்.

“இட்லிக் கடையில இருந்து பேசுறேன். அவுக சாப்புட்டுக்கிட்டு இருக்காக. கையெல்லாம் சாம்பாரு.”

“அக்கா, அவர உடனே கெளப்பி விடுங்க. இங்க அரங்கமே காத்துக்கிட்டு இருக்கு.”

“அவுகல்லாம் சாப்புட்டாகளா?”

“சாப்ட்டாங்க.”

“அப்ப இவுகளும் சாப்புட்டுட்டு வரட்டும்.”

காரை விரட்டிக்கொண்டு போனேன். அக்கா இன்னொரு கரண்டி சட்னி ஊற்றிக்கொண்டிருந்தார். பேராசிரியர் என்னைக் கண்டதும் உட்காரச் சொன்னார்.

பத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாக மேடையில் ஏற்றிவிட்டேன். முதல்வருக்கு எதுவும் தெரியாது.

மதியம், வெளியூர்க்காரர்களுக்கென்று குழு கூடி முடிவெடுத்திருந்த ஃப்ரைடு ரைஸை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளை இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். அவர்களை எந்த ஊரில் தவறவிடலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.