பூனை கொண்டுவந்த கருவாடு

பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள். சைவ வீட்டில் பிறந்த நான் மூக்கைப் பொத்தாமல் ஜன்னலோரம் நிற்கிறேன். இப்போது இடிந்துபோய்விட்ட எங்கள் தச்சநல்லூர் வீட்டில், பெரியவளானதும் என்னை உள்ளறையில் உட்காரவைத்தார்கள், கல்யாணம் வரை வாசல் தாண்டக் கூடாது. ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து வந்த, எலும்பும் தோலுமான தெருப்பூனைக்கு என் தயிர்சாதத்தில் பாதியை வைப்பேன். அது நக்கும் சத்தம்தான் பகலெல்லாம் எனக்குப் பேச்சுத்துணை. சுற்றிவிட்டு வரும் அதன் முதுகில் முகம் புதைத்து, தெருப்புழுதியையும் ஆற்று ஈரத்தையும் மோந்துகொண்டே கிடப்பேன். ஒருநாள், உவரிக் கடற்கரையிலிருந்து கருவாடு விற்க வருபவளின் கூடையிலிருந்து ஒன்றைக் கவ்விவந்து, தான் தின்னாமல், என் பாய்மேல் வைத்துவிட்டு என்னையே பார்த்தது. இவளால் வெளியே போக முடியாதே என்று அந்த வீட்டில் அதற்கு மட்டும்தான் தோன்றியிருக்கிறது.

“சைவ வீட்டுக்குள்ள கருவாட்டக் கொண்டாருதே, சவத்து மூதி!” என்று அம்மா அதை அடித்து விரட்டி, ஜன்னலைச் சாத்தினாள். அதன்பிறகு கல்யாணம் வரை, தெரு எனக்கு வாசனையாகக்கூட வரவில்லை.